வாசலில் நின்றுவிட்ட கட்டற்ற மென்பொருள்

அரபு மதரஸாக்களில் ஓதப்படும் பழைய கல்லச்சுக் கித்தாபுகளைக் கண்டவர்கள் அவற்றின் பக்க அமைப்பை மறந்திருக்க மாட்டார்கள். நடுவில் மூல ஆசிரியர் எழுதிய மத்ன் இருக்கும். அதனைச் சூழ்ந்து, வேறொரு நூற்றாண்டில் வேறொரு நாட்டில் வாழ்ந்த அறிஞர் எழுதிய ஷரஹ் இருக்கும். ஓரங்களிலே, சில வேளை சாய்வாகவும் சில வேளை தலைகீழாகவும், பின்வந்தோர் எழுதிய ஹாஷியா இருக்கும். ஒரே தாளில் மூன்று நான்கு தலைமுறைகள் உரையாடிக் கொண்டிருக்கும். மூலத்தைப் படிக்கவும், படியெடுக்கவும், பிழை கண்டவிடத்துத் திருத்தம் குறிக்கவும், குறித்ததைப் பிறர்க்கு வழங்கவும் அங்கே தடையிருக்கவில்லை.

கணிப்பொறியைப் பற்றி எழுதப் புகுந்து கித்தாபைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசக அன்பர்கள் எண்ணலாம். கணிப்பொறியை இயக்கும் மென்பொருளும் ஓர் எழுத்தே என்பதுதான் காரணம். மனிதர் ஒருவர் அமர்ந்து எழுதிய கட்டளைக் கோவை அது. அதற்கு மூல நிரல் என்று பெயர். அக்கோவை, இயந்திரத்திற்கு மட்டும் விளங்கும் எண்களாக மாற்றப்பட்ட பின்னரே நம் கைக்கு வருகிறது. விலைக்கு விற்கப்படும் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் மூல நிரலை விற்றவர் தம்மிடமே வைத்துக்கொள்வார். மத்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதன் பயனை மட்டும் கூலிக்கு விடுவது போன்றது இது.

தொடக்கத்தில் இவ்வாறு இருக்கவில்லை. 1950களிலும் 1960களிலும் இயந்திரத்தை வாங்கியவர்க்கு அதனுடன் நிரல்களும் சேர்ந்தே வந்தன. வாங்கியோர் அவற்றைத் திருத்தித் தம்முள் பகிர்ந்துகொண்டனர். 1969இல் ஐ.பி.எம். நிறுவனம் நிரல்களைத் தனியே விலை வைத்து விற்கப்போவதாக அறிவித்தது. 1976 பிப்ரவரியில், அப்போது இருபது வயதே நிரம்பிய பில் கேட்ஸ் என்பவர், தம் நிறுவனம் எழுதிய நிரலைக் காசு கொடாமல் படியெடுத்துக்கொள்வது திருட்டு என்று கண்டித்துக் கணிப்பொறி ஆர்வலர்க்கு ஒரு பகிரங்க மடல் விடுத்தார். 1980இல் அமெரிக்கச் சட்டமன்றம் பதிப்புரிமைச் சட்டத்துள் கணிப்பொறி நிரல்களையும் தெளிவாகக் கொண்டுவந்தது. பதினோர் ஆண்டுகளில் ஒரு வழக்கம் தலைகீழாயிற்று.

இம்மாற்றத்தின் நடுவே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் பணியாற்றி வந்தார். அக்கூடத்துப் பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், அச்சுக்குக் காத்திருப்போர் அனைவர்க்கும் கணிப்பொறி வழியே செய்தி போகும்படி அவர் நிரலைத் திருத்தியிருந்தார். ஏறத்தாழ 1980ஆம் ஆண்டளவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி ஒன்று அங்கு வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூல நிரல் உடன் வரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்நிரலை வைத்திருந்தவரைத் தேடிச் சென்று கேட்டார். எவர்க்கும் கொடுப்பதில்லை என்று நிறுவனத்துக்கு வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். சிக்கிய தாளை எடுக்க வேண்டி எழுந்த வழக்கு இது. சிறிய காரியந்தான். 1983 செப்டம்பர் 27ஆம் நாள், எவரும் படிக்கவும் திருத்தவும் வழங்கவும் கூடிய ஓர் இயக்குதளத்தை முழுவதுமாக எழுதப்போவதாக ஸ்டால்மன் அறிவித்தார். குனூ என்று அதற்குப் பெயரிட்டார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் ஒரு பொது உரிமத்தை வகுத்தார். இம்மென்பொருளைப் பெற்றுத் திருத்தி வழங்குபவர், தாம் பெற்ற அதே உரிமையைத் தம்மிடம் பெறுபவர்க்கும் கொடுத்தாக வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் உயிர்நாடி. வக்ஃபு செய்யப்பட்ட கிணற்றை எவரும் தம் சொத்தாக்கிக்கொள்ள முடியாதது போல, அதனை எவரும் மீண்டும் பூட்ட முடியாது.

ஆங்கிலச் சொல் ஒன்று இவ்வியக்கத்துக்குப் பெருந்தொல்லை கொடுத்தது. 'ஃப்ரீ' என்றால் அம்மொழியில் விடுதலையும் ஆகும், இலவசமும் ஆகும். ஸ்டால்மன் கருதியது விடுதலை. உலகம் கேட்டுக்கொண்டது இலவசம். அரபியிலே இந்த இடர் இல்லை. ஹுர்ர் என்பது வேறு, மஜ்ஜானீ என்பது வேறு. தமிழிலும் 'கட்டற்ற' என்னும் நல்ல சொல் கிடைத்துவிட்டது. ஆயினும் நம் ஊரில் இன்றும் 'அந்த ஓசி மென்பொருளா?' என்று கேட்பவர்களே மிகுதி. இலவசமாய் வருவதில் ஏதோ குறை இருக்க வேண்டும் என்னும் ஐயமும் அச்சொல்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் என்னும் உட்கரு இதனுடன் இணைந்தது. இன்று உலகின் மிக வேகமான ஐந்நூறு மீக்கணிப்பொறிகளும் அதனையே கொண்டு இயங்குகின்றன. நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இருப்பதும் அதுவே. ஆனால் வீட்டு மேசையிலும் அலுவலக மேசையிலும் உள்ள கணிப்பொறிகளில் அதனைக் காண்பது அரிது. நூற்றுக்குச் சிலவே. கோட்டையைப் பிடித்த படை வீட்டு வாசலில் நின்றுவிட்டது எப்படி?

கடினமானது, பழக்கமில்லாதது, அழகில்லாதது என்று காரணம் சொல்வர். ஒரு காலத்தில் அவற்றில் உண்மையும் இருந்தது. எனினும் அவை இரண்டாந்தரக் காரணங்கள் என்பதே நம் கருத்து. கடைக்குப் போய்க் கணிப்பொறி வாங்குபவர் இயக்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. அது உள்ளேயே வைத்து வருகிறது. கணிப்பொறி செய்வோர், விண்டோஸ் இட்டாலும் இடாவிட்டாலும் தாம் விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் மைக்ரோசாஃப்டுக்குப் பணம் கட்டும் ஒப்பந்த முறை ஒன்று இருந்தது. அமெரிக்க அரசு தலையிட்ட பின் 1994இல் அதனைக் கைவிட அந்நிறுவனம் இசைந்தது. 1999 நவம்பரில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் அந்நிறுவனத்தைப் பற்றிய வழக்கில் தாம் கண்ட உண்மைகளை எழுதியபோது, தடை எங்கே இருக்கிறது என்பதை நன்கு சுட்டினார். மக்கள் விண்டோஸை வாங்குவது அதில் இயங்கும் நிரல்கள் ஏராளமாய் இருப்பதால். நிரல் எழுதுவோர் விண்டோஸுக்கு எழுதுவது மக்கள் அதனையே வைத்திருப்பதால். இந்த வட்டத்திற்குள் புதியவர் எவரும் நுழைய இயலாது.

இந்த வட்டத்தை உடைக்க முயன்ற ஒரு நகரத்தின் கதையைச் சற்று விரித்துக் கூறுவோம்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத் தலைநகர் மியூனிக். செல்வச் செழிப்புள்ள ஊர். 2003இல் அந்நகராட்சி அலுவலகங்களில் ஏறத்தாழ 14,000 கணிப்பொறிகள் இருந்தன. அவற்றில் இயங்கிய விண்டோஸ் என்.டி. 4 என்னும் பதிப்புக்கு இனி ஆதரவு கிடையாது என்றாயிற்று. ஓடிக்கொண்டிருந்ததை, ஓடவில்லை என்பதற்காக அன்றி, விற்றவர் கைவிட்டார் என்பதற்காக மாற்ற வேண்டிய நிலை. லினக்ஸுக்கு மாறுவதா என்று நகர்மன்றம் ஆலோசித்தது. செய்தி எட்டியதும் மைக்ரோசாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர் தம் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மேயர் கிறிஸ்டியன் உடேயை நேரில் வந்து கண்டார். விலையும் இறங்கியது. அப்படியிருந்தும் 2003 மே 28ஆம் நாள் நகர்மன்றம் லினக்ஸின் பக்கமே வாக்களித்தது. மலிவு என்று கருதி அவர்கள் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே வணிகரின் கைப்பிடியில் நகராட்சி இருக்கலாகாது என்பதே அவர்கள் கூறிய காரணம். திட்டத்துக்கு லிமக்ஸ் என்று பெயரிட்டனர்.

வாக்களிப்பது எளிதாயிற்று. முதல் கணிப்பொறிகள் மாறுவதற்கு 2006 ஆகிவிட்டது. ஏன் இத்தனை தாமதம்? அலுவலகங்களைத் திறந்து பார்த்தபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்தது. துறைதோறும் தனித்தனிக் கணிப்பொறிப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். இதனினும் பெரிய சிக்கல், ஆண்டுக்கணக்கில் எழுத்தர்கள் தாமாகவே அமைத்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான கடித மாதிரிகளும் படிவங்களும் அவற்றுக்குள் புதைந்த மேக்ரோ எனப்படும் குறுநிரல்களும். ஒவ்வொன்றும் மைக்ரோசாஃப்டின் எழுத்துமென்பொருளுக்குள் மட்டுமே உயிர் வாழ்ந்தது. இயக்குதளத்தை ஒரே நாளில் மாற்றலாம். படிவங்களை அப்படி மாற்ற முடியாது. அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த உல்மக்ஸ் என்னும் ஒரு நிரலையே நகராட்சி எழுதி, 2008இல் அதனை உலகுக்குக் கட்டற்றதாக வழங்கியது. ஒரு நகராட்சி எழுத்தருக்காக எழுதப்பட்ட நிரல் பொதுச் சொத்தானது பாராட்டத்தக்க செயல்.

உள்ளே இருந்த படிவங்களை ஒருவாறு மாற்றினர். வெளியிலிருந்து வந்தவற்றை என்ன செய்வது? குடிமக்களும் வணிகர்களும் பிற அரசு அலுவலகங்களும் அனுப்பிய கோப்புகள் மைக்ரோசாஃப்டின் வடிவில் வந்தன. ஓப்பன் ஆபீஸில் திறந்தால் அட்டவணை நகர்ந்தது, வரி இடம் பெயர்ந்தது. திருத்தித் திருப்பி அனுப்பினால் அந்தப் பக்கத்தில் மீண்டும் கலைந்தது. எல்லார்க்கும் பொதுவான ஆவண வடிவம் ஒன்று 2006இலேயே உலகத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டிருந்தது. ஆனால் அனுப்புகிறவர் அதனைப் பயன்படுத்த வேண்டுமே! எழுத்து இருவருக்கு இடையில் நடப்பது. ஒருவர் மட்டும் பூட்டை விட்டு வெளியேறினால், மற்றவரின் பூட்டு அவரைத் தொடர்ந்து வருகிறது. தனிமனிதருக்கும் அலுவலகத்துக்கும் உள்ள முதற்பெருந்தடை இதுவே என்று நாம் கருதுகிறோம். மியூனிக் எழுத்தருக்குத் தம் கணிப்பொறியால் நேர்ந்த துன்பத்தில் பெரும்பகுதி பக்கத்து ஊர்க் கணிப்பொறியிலிருந்து வந்ததாகும்.

2013இல் திட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ 15,000 மேசைகள் மாறிவிட்டன. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகராட்சி கணக்குக் காட்டியது. அதே காலத்தில், விண்டோஸ் எக்ஸ்பி கைவிடப்படவிருந்ததால், பழைய கணிப்பொறி வைத்திருந்த நகர மக்களுக்கு லினக்ஸ் பதிந்த 2,000 வட்டத்தகடுகளை நகர நூலகத்தின் வாயிலாக வழங்கியது.

மறுஆண்டே காற்று திசை மாறியது. 2014இல் டீட்டர் ரைட்டர் மேயரானார். அவருக்கும் அவருடைய துணைக்கும் இவ்வமைப்பில் மனநிறைவு இல்லை. மின்னஞ்சலும் நாட்குறிப்பும் கைப்பேசியும் ஒன்றோடொன்று இணையவில்லை என்பன போன்ற குறைகள் எழுந்தன. சில குறைகள் உண்மையானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் 2016இல் நகராட்சிக்காக வெளியார் செய்த ஆய்வு, தொல்லைகளில் பெரும்பாலானவை நிர்வாக அமைப்பைச் சார்ந்தவை, மென்பொருளைச் சார்ந்தவை அல்ல என்றே கண்டது. நாம் பார்த்தவரையில் மனித இயல்பு ஒன்று இங்கே வேலை செய்கிறது. எல்லாரும் வைத்திருக்கும் பொருள் பழுதானால் 'இயந்திரம் அப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்கிறோம். ஒருவர் துணிந்து தேர்ந்தெடுத்த பொருள் பழுதானால் தேர்ந்தெடுத்தவரையே நோகிறோம். அச்சுப்பொறி நின்றாலும் லினக்ஸ் என்பார்கள். கம்பி அறுந்தாலும் லினக்ஸ் என்பார்கள். 2017 நவம்பர் 23ஆம் நாள் நகர்மன்றம் விண்டோஸுக்கே திரும்புவதெனத் தீர்மானித்தது. அதற்கு ஆகும் செலவு ஏறத்தாழ 5 கோடி யூரோ என மதிப்பிடப்பட்டது. 2020இல் அமைந்த புதிய கூட்டணி, பொதுப் பணத்தில் எழுதும் நிரல் பொதுவுடைமையாக இருக்க வேண்டும் என்று மீண்டும் உடன்பாடு எழுதிக்கொண்டது தனிக்கதை.

பிரான்ஸ் நாட்டின் ஜாந்தார்மெரி என்னும் காவற்படை வேறு வழியில் சென்றது. அவர்கள் இயக்குதளத்தை முதலில் தொடவே இல்லை. 2005இல் எழுத்துமென்பொருளை மட்டும் மாற்றினர். அடுத்து இணைய உலாவியையும் மின்னஞ்சலையும் மாற்றினர். வீரர்கள் விண்டோஸிலேயே இருந்தபடி கட்டற்ற மென்பொருள்களில் எழுதிப் பழகிய பின்னரே, 2008 முதல் அடியிலிருந்த தரையை உருவி லினக்ஸை வைத்தனர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் அவ்வாறு மாறின, இன்றும் நிலைத்துள்ளன. கட்டளைக்குக் கீழ்ப்படியும் படை என்பதும் அதற்கு உதவியிருக்கும். 2024 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலமும் தன் 30,000 கணிப்பொறிகளை மாற்றப்போவதாக அறிவித்து, முதற்படியாக எழுத்துமென்பொருளையே எடுத்துக்கொண்டது.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளிகள் வழியே முயன்றனர். அங்கு 2001இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறித் திட்டம் சில ஆண்டுகளிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வின் கணிப்பொறிப் பாடமும் அதிலேயே நடக்கிறது. ஆசிரியர்களைப் பல்லாயிரவராகப் பயிற்றுவித்தனர் என்பதே அதன் வெற்றிக்குக் காரணம். தமிழகத்திலோ 2011இல் மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணிப்பொறிகளில், விண்டோஸும் நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. நம் மாணவர்கள் கொண்டுவந்து காட்டியவற்றில் இரண்டாவது வாசலைத் திறந்து பார்த்த பிள்ளையை நாம் கண்டதில்லை. ஒன்றைக் கொடுப்பதும் அதனைக் கற்றுக்கொடுப்பதும் வெவ்வேறு.

தமிழ் எழுத்தின் செய்தி இதனினும் நெருக்கமானது. யூனிகோடு என்னும் உலக எழுத்துக் குறியீட்டில் தமிழ் 1991லேயே இடம் பெற்றுவிட்டது. ஆயினும் நெடுங்காலம் நம் அச்சகங்களில் ஆண்டவை தனித்தனி எழுத்துருக்கள். பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. மேலே தமிழ் முகமூடி; அதனைக் கழற்றினால் பொருளற்ற ஆங்கிலக் குவியல். வேறோர் எழுத்துருவில் அதே சொல் வேறு குவியல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் ஒரு தரம் வகுத்தனர். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதியவை அனைத்தும் அந்தந்த எழுத்துருவின் பூட்டுக்குள் இருந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி வந்தது. அது தகுதரம் எனப்படும் டிஸ்கியில் இட்டு வைத்த நூல்களைப் பின்னர் யூனிகோடுக்குக் கொண்டுவர முடிந்தது. அக்குறியீட்டின் அட்டவணை எல்லார்க்கும் திறந்து வைக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம்.

அரபுத்தமிழில் எழுதிய நம் முன்னோரின் ஏடுகள் படிப்பாரின்றி அலமாரிகளில் கிடப்பதை நாம் கண்டு வருந்துகிறோம். அங்கே எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. கற்றுக்கொண்டால் நாளையும் படிக்கலாம்.

நாம் 2002 வாக்கில் நம் வட்டாரத்தில் வாழ்ந்து மறைந்த ஆலிம்களையும் புலவர்களையும் பற்றி, அவர்களைக் கண்ட முதியோரிடம் கேட்டு இரண்டு பாகமாக ஒரு நூல் எழுதினோம். கணிப்பொறி அச்சுக்கோப்புக் கடை ஒன்றில் இரு பாகங்களும் தட்டெழுதப்பட்டன. கையில் பணம் இருந்த அளவுக்கு முதற்பாகம் மட்டும் நூலாயிற்று. மற்றது ஒரு வட்டத்தகட்டில் நம்மிடம் வந்தது. கையெழுத்துப் படியைக் கறையான் தின்றது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அச்சிட ஒருவர் முன்வந்தபோது கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. அவர் பயன்படுத்திய எழுத்துரு, கணிப்பொறியின் பின்னே செருகும் ஒரு சிறு பூட்டோடு விற்கப்பட்டதாம். அப்பூட்டு எங்கே போயிற்று என்று எவர்க்கும் தெரியவில்லை. சொன்ன முதியோருள் ஒருவரும் இன்று இல்லை.

நம்மிடம் ஓதி, பின்னர்ப் பொறியியல் படித்த மாணவர் ஒருவர் 2023இல் அத்தகட்டை வாங்கிச் சென்றார். முதற்பாகத்தின் கோப்பும் அதில் இருந்தது. அச்சான முதற்பாக நூலை ஒரு பக்கமும் அக்கோப்பின் ஆங்கிலக் குவியலை மறுபக்கமும் வைத்து, எந்தக் குறி எந்தத் தமிழ் எழுத்துக்கு நிற்கிறது என்று ஒன்றொன்றாகக் கண்டெழுதினார். கல்வெட்டுப் படிப்பவர் செய்யும் வேலைதான். அட்டவணை நிறைந்ததும் அதனைக் கொண்டு ஒரு சிறு நிரல் எழுதி, இரண்டாம் பாகத்தை யூனிகோடில் கொண்டுவந்து, லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற எழுத்துமென்பொருளில் திறந்து காட்டினார். அந்த நிரலையும் அட்டவணையையும் வேண்டுவோர் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்துவிட்டார். நாமோ இக்கட்டுரையை அவர் நிறுவித் தந்த மென்பொருளில் எழுதி, ஆசிரியர் குழு கேட்டபடி மைக்ரோசாஃப்டின் வடிவுக்கு மாற்றியே அனுப்புகிறோம்.

இரண்டாம் பாகத்தின் தமிழ் முழுவதும் திரும்பிவிட்டது. முதற்பாகத்தில் அரபி மேற்கோள்களே இல்லாமையால், இரண்டாம் பாகத்திலுள்ள அரபி வரிகளை ஒப்பிட்டு அறிய வழியில்லை. பதினேழு பக்கங்களில் அவை இன்னும் வெறுங்கட்டங்களாக நிற்கின்றன. அவற்றுள் மூன்றை நினைவிலிருந்து எழுதிவிட்டோம்.